களிமுற்றத்துப் பொய்ப்புல் இலக்கணம்

நிலத்தை ஐந்து திணையாகப் பகுத்த முன்னோர், வேளச்சேரி, பள்ளிக்கரணை, கொரட்டூர் போன்ற ஏரியோரப் புறநகர்களில் காம்பவுண்டுச் சுவருக்கும் வாசற்படிக்கும் நடுவே கிடக்கும் 10 அடிக்கு 15 அடி நிலத்துக்குத் திணை வகுக்காமல் போய்விட்டனர். அது மருதமாகப் பிறந்து, மனையாக விற்கப்பட்டு, ஐப்பசியில் நெய்தலாகிச் சித்திரையில் பாலையாவது. இப்போது அதன்மேல் பச்சைச் சுருளை விரித்து முல்லையாக்கப் பார்க்கிறார்கள். அம்முயற்சிக்கு இலக்கணம் கூறுதல் ஈண்டு நோக்கம்.

முதலில், புல்லாவது யாது? புறத்தே காழ், அதாவது வைரம், பாய்ந்தது புல், அகத்தே வைரம் பாய்ந்தது மரம் என்பது தொல்காப்பியர் முடிபு. அதனால்தான் பனையும் தெங்கும் உரைகாரர் கணக்கில் புல்லாயின. கடையில் சுருளாக விற்கும் புல்லுக்கோ அகத்தும் வைரமில்லை, புறத்தும் இல்லை. மேலே பாலிஎத்திலீன் இழை. அதன் காலடியில் காய்ந்த புல்லாக நடிக்கும் பழுப்புநிற பாலிப்ரொப்பிலீன் சுருள். எல்லாவற்றையும் பிடித்துவைத்திருப்பது அடியில் பூசிய லேடெக்ஸ். எனவே இது அடிக்காழ் என்னும் மூன்றாம் வகை. அறிவுக் கணக்கிலும் இடருண்டு. புல்லுக்குத் தொட்டறியும் ஓரறிவு சொல்லப்பட்டது; இதற்கு அதுவும் கிடையாது. ஆனால் உச்சிவெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டு, மிதிப்பவரின் ஓரறிவைக் கூர்மையாக்கும்.

இதன் குலவரலாறு சிறிது. 1964இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் மொன்சான்டோ நிறுவனத்தின் புல் விரிக்கப்பட்டது. பிறகு ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரைமூடிய மைதானம். ஒளிபுகும் கூரையின் பளபளப்பில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, கூரைக்குச் சாயம் பூசினார்கள்; வெளிச்சமின்றி மெய்ப்புல் மாண்டது; 1966இல் அந்த இடத்துக்கு இது வந்தது. கருணை அடிப்படையில் கிடைத்த உத்தியோகம் எனலாம்.

நிற்க. புல்லைப் பற்றிய மிச்சத்தைக் கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாதது மண். களித்துகள் 0.002 மில்லிமீட்டரினும் சிறியது. மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் மிகுந்த களியானால், தன் ஏடுகளுக்கிடையே நீரை வாங்கி உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். காலம் பற்றி அதை மூன்றாக்குவோம். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டுகளி: செருப்பை உரிமையோடு வாங்கிவைத்துக்கொள்வது. சித்திரை, வைகாசியில் வெடிகளி: கடப்பாரையை வந்த வழியே திருப்பி அனுப்புவது, பிளவில் சாவி விழுந்தால் கம்பி வளைத்துத் தேட வேண்டும். தை, மாசியில் சில வாரம் மட்டும் நற்களி: ஈரமும் இறுக்கமும் அளவோடு நின்று யாரையும் வருத்தாதது. ஒப்பந்தக்காரர் இடம் பார்க்க வருவது இந்த மூன்றாம் நிலையில். ‘மண்ணு ஜம்முனு இருக்கு சார்’ என்பார். அது பொய்யன்று, காலவழுவமைதி.

மேஸ்திரி வீடு கட்டியபோது செங்கல் துண்டும் சிமெண்டுச் சாக்கும் கொட்டி மூடிய ரப்பிஷ் ஒன்றுண்டு. அதைக் களியென மயங்குவோர்க்கு இந்நூல் பொறுப்பன்று.

இனி விரிப்போர். வெறும்விரிப்பர், மணல்தூவுநர், தோண்டுநர் என அவர் மூவர். வெறும்விரிப்பர் தரையைப் பெருக்கிச் சுருளைப் பிரித்துப்போட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார். முதல் மழையில் களி உப்பிப் பச்சையில் மேடுகள் எழும். நடந்தால் அடியில் சளக் சளக் என்னும். மணல்தூவுநர் நடுவே இரண்டு அங்குலம் எம்சாண்ட் போடுவார். அது களியோடு கலந்து சேறாகும்வரை அழகாகவே இருக்கும். இவ்விருவரையும் நான் பழிக்கமாட்டேன். சதுர அடி என்ன விலை என்று வீட்டுக்காரர் புல்லுக்குத்தான் கேட்கிறார்.

தோண்டுநர், ஒட்டுகளிக் காலம் கழியும்வரை காத்திருந்து, நான்கைந்து அங்குல மண்ணை வெட்டி வெளியேற்றுவார். அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பார். (துணி எதற்கு என்று கேட்டு அந்தக் காசை மிச்சம்பிடிப்போர் தெருவுக்கு ஒருவர் உளர். துணி இல்லையேல் மிதிக்க மிதிக்க ஜல்லி கீழே இறங்கும், சேறு மேலே ஏறும்.) அதன்மேல் மூன்று அங்குலம் ஜல்லியும் சிப்ஸும் கலந்து கொட்டித் திமிசு போட்டு, ஓரங்குலம் கிரஷர் டஸ்ட் பரப்பி, ரசமட்டம் பார்த்து, வீட்டை விட்டு விலகி ஓடும்படி 8 அடிக்கு ஓர் அங்குலமேனும் வாட்டம் கொடுப்பார்.

இங்கே ஓர் ஐயம். களியில் குழி வெட்டி ஜல்லி நிரப்பினால் அது தரையா, தொட்டியா? தொட்டியே என்க. அடியிலும் சுற்றிலும் நீரை எளிதில் விடாத களி; மேலே ஓட்டை போட்ட புல். அந்த ஓட்டைகள் மழையை வடித்துவிடும் என்ற விளம்பரம் மெய்தான். எங்கே வடிக்கும் என்பது அதில் இல்லை. ஆகவே தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயைத் துணி சுற்றிப் புதைத்து வெளியே வழிவிட வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி பக்கத்திலேயே இருக்கும். அதுவும் களியோடு நின்றுவிட்டதாயின், ஒரு தொட்டி இன்னொரு தொட்டிக்குத் தண்ணீர் வார்த்ததாக முடியும். களியைக் கடந்து மணல் தட்டும்வரை குழி இறங்கியிருக்க வேண்டும்.

புல் விரிப்பது இதன்பின் அரைநாள் வேலை. இழையின் சாய்வு வீட்டைப் பார்க்க வேண்டும்; எல்லாத் துண்டும் ஒரே பக்கம் சாய வேண்டும். மாறினால் பாதி வெளிறியும் பாதி கறுத்தும் தெரியும். இணைப்பில் டேப்பும் பசையும், ஓரத்தில் ஆணி, மேலே சிலிக்கா மணல். நாய் வளர்ப்போர் அடிக்கடி கழுவுக. காரணத்தை மூக்கு சொல்லும்.

புறனடை: இவ்விலக்கணத்துக்கு அடங்காதது கோரை. அதன் கூர்முளை துணியையும் லேடெக்ஸையும் துளைத்துக்கொண்டு, பச்சைக்கு நடுவே பச்சையாக வந்து நிற்கும். தழையைக் கிள்ளினால் கீழே கிழங்கு மறுபடி அனுப்பும். கிழங்குகளோ ஒன்றோடொன்று கொடியால் கோத்தவை. மண் வெட்டும்போதே அவற்றைப் பொறுக்காதவர், பிறகு சுருளை ஓரத்திலிருந்து உரித்தே ஆகவேண்டும். களையெடுக்க வரும் அம்மாள் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, ‘எதைய்யா பிடுங்கணும்?’ என்று கேட்பது முறையான வினாவே.