டாக்டர் பட்டம் ஆச்சு, இனி பி.ஏ.!
(உலு திராம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்)

பி.எச்டி. வாங்கியவன் நான். இந்த வயதில் பி.ஏ.வில் சேர்ந்தால் ஊர் சிரிக்காதா?
– ஓய்வுபெற்ற விரிவுரையாளர், உலு திராம்

சிரிக்கும், ஒரு வாரத்துக்கு. அப்புறம் யார் வீட்டிலாவது கல்யாணமோ கருமாதியோ வந்துவிடும், உங்களை மறந்துவிடுவார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வகுப்பில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். உங்களை விரிவுரையாளர் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

பெரிய பட்டம் வாங்கிவிட்டு மறுபடியும் மாணவனாகப் போன தமிழர் யாராவது உண்டா? ஆறுதலுக்குக் கதை விடாதீர்கள்.
– அதே விரிவுரையாளர்

விட்டால் எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்பீர்கள் போலிருக்கிறது! உண்டு ஐயா, அதுவும் நம் மலேசியாவோடு சம்பந்தப்பட்டவர். தனிநாயகம் அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்து, ரோமாபுரியில் படித்து, இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பாதிரியார். ஆய்வு எதைப் பற்றி? பழைய கார்த்தேஜ் நகரத்துக் குருமார்களைப் பற்றி. லத்தீன், இத்தாலியன் என்று ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். தமிழ் இலக்கியம் மட்டும் முறையாகப் படித்ததில்லை.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவர், அங்கே ஒரு பண்டிதரிடம் தமிழ் பாடம் கேட்க உட்கார்ந்தார். ருசி பிடித்துவிட்டது. 1945-இல், முப்பதைத் தாண்டிய வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்து எம்.ஏ. முடித்தார், பிறகு எம்.லிட். முடித்தார். கையில் ஏற்கெனவே டாக்டர் பட்டம்! எம்.லிட். ஆய்வு சங்கப் பாட்டில் வரும் இயற்கையைப் பற்றியது. அதுவும் போதாதென்று லண்டனில் இன்னொரு பி.எச்டி.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். ரோமாபுரிப் பட்டமே போதும் என்று உட்கார்ந்திருந்தால், நமக்கு அந்த மாநாடு கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் எம்.பி.ஏ. படித்தவர், சிங்கப்பூரில் வேலை. திடீரென்று தமிழில் பி.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறார். படிப்பதுதான் படிக்கிறார், எம்.ஏ.வாகவே படித்தால் என்ன?
– இல்லத்தரசி, தாமான் டேசா செமர்லாங்

விடிவதற்குள் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜோகூர் பாலத்து நெரிசலில் நிற்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு ஆசை வந்திருக்கிறதே, முதலில் அதற்கு ஒரு கோப்பி போட்டுக் கொடுங்கள் அம்மா.

எம்.ஏ. வகுப்பில், உங்களுக்கு அடிப்படை எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். முதல் தவணையிலேயே ஆய்வுத் தலைப்பு என்ன என்று கேட்பார்கள். நேர் எது, நிரை எது என்று தெரியாமல் யாப்பைப் பற்றி ஆய்வு எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி.ஏ.வில் அந்தத் தப்பித்தல் கிடையாது. உட்காரவைத்து அசை பிரிக்கச் சொல்வார்கள். ‘உலுதிராம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘உலு’ நிரை, ‘திராம்’ நிரை. நிரை நிரை வந்தால் கருவிளம். பாருங்கள், நம் ஊர்ப் பெயரே ஒரு சீராக நிற்கிறது! இந்தச் சந்தோஷம் எம்.பி.ஏ.வில் வராது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் இருக்கிறது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி இருக்கிறது. அவர் வேலை பார்க்கிற சிங்கப்பூரிலேயே சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியத்தில் பி.ஏ. உண்டு. அங்கே கட்டணத்தை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

மலேசியாவிலேயே படித்தால், கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா?
– கணக்கர், உலு திராம்

இதில்தான் வேடிக்கை. சொந்தப் படிப்புக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. முதுகலை, முனைவர் பட்டம் என்றால் எந்தத் துறையானாலும் சரி. அதற்குக் கீழே என்றால் சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம், அறிவியல் போன்ற சில துறைகளுக்குத்தான். அதாவது தமிழில் எம்.ஏ. படித்தால் கழிவு, தமிழில் பி.ஏ. படித்தால் முழு வரி. அஸ்திவாரத்துக்கு வரி போட்டு மாடிக்குச் சலுகை கொடுக்கிற இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்க வழி உண்டு. ஓய்வுக்காலச் சோற்றில் கை வைக்கிறோம் என்பதை மறக்காமல் எடுங்கள்.

‘ஏபெல்’ வழியாக நேரே முதுகலையில் சேர்ந்து முடித்துவிட்டேன். பி.ஏ. கிடையாது. பின்னால் வில்லங்கம் வருமா?
– தொழிற்சாலை மேலாளர், உலு திராம்

பயப்படாதீர்கள். அனுபவத்தை எடைபோட்டுச் சேர்த்துக்கொள்ளும் அந்த வழியை எம்.க்யூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி ஆணையமே வகுத்திருக்கிறது. இளங்கலைக்கு 21 வயது, முதுகலைக்கு 30 வயது என்று வரம்பு வைத்து, தேர்வும் வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கொல்லைப்புறமாக நுழைந்தவர் போல நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் எந்த நாட்டில், யார் மேசையில் அந்தச் சான்றிதழை நீட்டப் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் திறந்தநிலைப் படிப்பில் பி.ஏ. இல்லாமலே எம்.ஏ. கொடுத்தார்கள். அப்படி வாங்கிய ஒருவர் அரசாங்கக் கல்லூரி முதல்வராகப் போக, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. முதல் பட்டம் இல்லாத முதுகலை செல்லாது என்று 2009-இல் தீர்ப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில அரசும் ஓர் ஆணை போட்டது: பத்தாவது, பிளஸ் டூ முடித்துவிட்டு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்கு ஆகும். எம்.ஏ.வைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் இங்கே, இதே தொழிற்சாலையில் இருக்கப் போகிறீர்கள் என்றால் தூங்கப் போகலாம். வெளிநாட்டு வேலை, ஆசிரியர் பணி என்று கனவு இருந்தால், அவர்கள் முதல் பட்டம் கேட்பார்களா என்று இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வேதியியலில் பி.எச்டி. உள்ளது. வக்கீலாக ஆசை. நேரே எல்எல்.எம். படித்தால் போதாதா?
– வாசகி, உலு திராம்

போதாது. எல்எல்.பி. வேண்டும். வெளிநாட்டு எல்எல்.பி. என்றால் பெரும்பாலும் சி.எல்.பி. என்னும் வக்கீல் தகுதித் தேர்வும் எழுத வேண்டும், ஐந்து தாள். அப்புறம் மூத்த வக்கீலிடம் ஒன்பது மாதப் பயிற்சி, அதாவது சேம்பரிங். எல்எல்.எம். மட்டும் வைத்துக்கொண்டு குடும்பச் சண்டையில் வாதாடலாம், அங்கேயும் தோற்பீர்கள்.

டாக்டர் பட்டம் வைத்திருப்பவர் டாக்டருக்குப் படிக்கலாமா?
– மாணவர், உலு திராம்

ஆல்பர்ட் சுவைட்சர் என்ற ஐரோப்பியப் பாதிரியார் படித்தார். தத்துவத்தில் ஒன்று, இறையியலில் ஒன்று என்று பட்டங்களை வாங்கிவிட்டு, 1905-இல், முப்பது வயதில், மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1913-இல் ஆப்பிரிக்காவுக்கு மருத்துவராகப் போய்விட்டார். யோசித்துச் சேருங்கள்.

மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எச்டி., பி.ஏ. என்று போடலாமா?
– மறுபடியும் அதே விரிவுரையாளர்

போடலாம். ஆனால் அச்சடிக்கிறவர் பிழை என்று நினைத்து பி.ஏ.வை முன்னால் தள்ளிவிடுவார். ‘புரூஃப்’ நீங்களே பாருங்கள்.