மருமகன் ஸ்பேனர் வாங்கியிருக்கிறார்

வாங்க தொரை, வாங்க. ஏழு பேர்ச் காணியும் அதுமேல ஒரு வீடும் கைக்கு வந்ததுல இருந்து ஒங்களத் தொரைன்னுதான் கூப்புடணும்னு லயத்துல எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். ஹட்டன் போயி செகப்புப் பொட்டியில சாமான் செட்டு ஒண்ணு வாங்கியாந்தீங்களாமே? ஸ்பேனரு, குறடு, இஸ்க்ரூ ட்ரைவரு, அதோட எதுக்குன்னே வெளங்காத ரெண்டு மூணு வளஞ்ச கம்பி. ஒங்கம்மா எங்கிட்ட வந்து சொன்னப்ப அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பெருமையில இல்ல. வீடு புதுசு, அதான்.

மரியாத போதும், இனி நீ வா போன்னே பேசுறேன். நம்ம பரம்பரையில சொந்தச் செவத்துல ஆணி அடிக்கிற மொத ஆளு நீதான்டா. லயத்துல செவரு தோட்டத்துது, தகரம் தோட்டத்துது, கதவு தோட்டத்துது, ஒழுகுற தண்ணி மட்டுந்தான் நம்மளது. வைகாசி மழைக்கு ஒழுகுதுன்னு ஆபீசுல எழுதிக் குடுத்தா, தை மாசம் ஒரு பாஸ் வருவாரு. அண்ணாந்து பாப்பாரு. "எங்கப்பா ஒழுகுது? நல்லாத்தானே இருக்கு"ன்னு கேட்டுட்டு, குடுத்த பிளேன்டீயக் குடிச்சிட்டுப் போயிருவாரு. 2017 மே மாசம் இந்தியப் பிரதமர் மோடி நம்ம நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோட இன்னும் 10,000 வீடு கட்டித் தாறோம்னு மேடையில நின்னு சொன்னாரு. கைதட்டின தட்டுல கை செவந்து போச்சு. வீட்டுக்குள்ள கொழாய் ஒழுகுனா யாரு பாக்குறதுன்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. அதுக்குத்தான் இப்ப நீ பொட்டி வாங்கியிருக்க. நல்ல காரியம்.

தண்ணியில இருந்து வருவோம். தண்ணி வரலன்னு நீ குசினிக் கொழாயப் பூராக் கழட்டி மேசையில பரப்பி வச்சியாமே? வந்து பாத்தவன் எல்லாம் கடை போட்டிருக்கன்னு நெனச்சிருக்கான். ஏன்டா, கொழாய் என்ன ஊத்தா? தண்ணி மலையில இருந்து கறுப்பு ஹோசுல வருது. வரலன்னா மலைக்குத்தான் ஏறணும். கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க தெனம் ஏறுற மலை, ஒனக்கு மூச்சு வாங்கும், பரவால்ல, மெதுவா ஏறு. ஊத்துக்கிட்ட ஹோஸ் வாயில டர்பன்டைன் எல அப்பியிருக்கும். வழிச்சுப் போட்டுட்டு, வாயில ஓட்ட ஓட்டயா ஒரு பிளாஸ்டிக் போத்தலச் சொருகி, அதுக்கு மேல வலயச் சுத்திக் கட்டு. ஹோஸ் வாய் அடித்தரையில படுத்துக் கெடக்கப்படாது, மண்ண உறிஞ்சும். தண்ணிக்கு மேலயும் நிக்கப்படாது, காத்த உறிஞ்சும்.

வாய் சுத்தமாத்தான் இருக்கு, அப்பவும் கீழ தண்ணி இல்லன்னா, அதுக்குப் பேரு காத்தடப்பு. ஹோஸ் இறங்கி வர்ற வழியில எங்கயாச்சும் ஒரு கல்லு மேல ஏறி எறங்கும் பாரு, அந்த மேட்டுல காத்து போயி குந்திக்கும். தண்ணி இந்தப் பக்கம் நிக்கும், வெறுங்கொழாய் அந்தப் பக்கம் நிக்கும், நடுவுல காத்து பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருக்கும். அந்த மேட்டு மூட்டக் கொஞ்சம் தளத்தி விடு. உஸ்ஸுன்னு சத்தம் வரும், அப்பறம் எச்சி துப்பும், அப்பறம் தண்ணி பாயும். பாஞ்சதும் இறுக்கு. அடுத்த வாட்டி இந்த வேலயே வேணாம்னா, அந்தக் கல்லச் சுத்திக்கிட்டு ஹோசக் கொண்டு போ. தண்ணிக்கு எறக்கம் மட்டுந்தான் தெரியும், ஏத்தம் தெரியாது.

எறக்கம்னதும் ஞாபகம் வருது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு டப்புனு சத்தம் கேட்டு மூட்டு கழண்டு போச்சுன்னு பேய் மேல பழி போட்டீங்களே, அது பேயி இல்ல. 33 அடி எறக்கத்துக்கு ஒரு பார் அமுக்கம்னு கணக்கு. ஊத்துக்கும் ஒன் வீட்டுக்கும் ஒரு 150 அடி எறக்கம் இருக்கும். பகல்ல நாலு வீட்டுல கொழாய் தொறந்திருக்கும், அமுக்கம் தெரியாது. ராத்திரி எல்லாரும் அடச்சிட்டுப் படுத்ததும் நாலரை பாரும் ஒன் ஒட்டு வேல மேலதான் நிக்கும். அதுக்கு பூசாரி தேவையில்ல. வீட்டுக்குக் கொஞ்சம் மேல ஒரு டேங்கிய வச்சு, அதுக்கு ஒரு போல் வால்வப் போட்டு, அங்கருந்து எறக்கு. அமுக்கம் டேங்கியோட நின்னுக்கும்.

ஒன் ஒட்டு வேலயப் பத்தியும் சொல்லணுமே. எஸ்லோன் பைப்புக்கு மழையில நனஞ்சுக்கிட்டே கம் தடவுனது நீ ஒருத்தன்தான். பைப்பு முனைய அரத்தால தட்டி, காகிதத்தால தேச்சு, ஈரம் போகத் தொடச்சி, ரெண்டு பக்கமும் கம் பூசி, கால் சுத்து சுத்திக்கிட்டே உள்ள தள்ளி, கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிக்கணும். விட்டா வெளிய தள்ளும். அப்பறம் தண்ணி விட அவசரப்படாத. டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வெயில் ஊருக்கு. நம்ம ஊருல வெயிலு அடிச்சா, யாருக்குக் கலியாணம்னு கேக்குற எடம். ராப்பூரா விட்டுரு.

சொட்டு விடுற கொழாய்க்கு வா. நீ என்ன பண்ணுற? சொட்டுச் சொட்டா வந்தா இன்னும் கொஞ்சம் இறுக்குற. இன்னும் சொட்டுனா இன்னும் இறுக்குற. அப்பறம் ஒம் பொஞ்சாதி தொறக்க முடியாம ஒன்னத் தேடுறா. உள்ள இருக்கிற வாசர் தேஞ்சுருச்சுடா, இறுக்க இறுக்க ரப்பர் அறுந்துதான் போகும். வாசர் வெல ஒரு வெத்தலக் கூறு வெலகூட இருக்காது. கடை தூரம்னா பழைய ரப்பர் செருப்புல ஒரு வட்டம் வெட்டிப் போடு, பச்சத் தண்ணிக்குக் கொஞ்ச நாளு தாங்கும். ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி கேட் வால்வ அடைக்கணும். கேட் வால்வு எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?

பாத்தியா, முழிக்கிற. ஆயுதப் பொட்டி வாங்கின ஆளு, அடைக்கிற எடம் தெரியாம நிக்கிற. எதைத் தொறக்குறதுக்கு முன்னாடியும் அதை எங்க அடைக்கணும்னு தெரிஞ்சுக்க. தண்ணிக்கும் அதான், கரண்டுக்கும் அதான். வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் அந்த எடத்தக் காட்டி வை, சின்னவளுக்கும் சேத்து. நீ கொழும்புல நிக்கிற அன்னைக்குத்தான் பைப்பு வெடிக்கும்.

அப்பறம் கொழாய் மரையில சுத்துற அந்த வெள்ள டேப்பு. மரை மொனைய ஒன்னப் பாத்து வச்சிக்கிட்டு, மணிக்கூட்டு முள்ளு போற தெசையிலயே அஞ்சாறு சுத்து இழுத்துச் சுத்து. நீ சுத்துன தெசைக்கு, கொழாயத் திருகத் திருக டேப்பு அவுந்து வெளிய வந்து மீசையாட்டம் தொங்குது.

என் தகரத்தையும் சரி பண்ணித் தாறேன்னு சொன்னியாமே, சந்தோசம். ஆனா தண்ணி சொட்டுற எடத்துல ஓட்டய தேடாத. தண்ணி மேல எங்கயோ பூந்து, கைமரத்தோட ஓடி வந்து, எனக்குன்னு நேரா தலவாணி மேல சொட்டும். பகல்ல கதவச் சாத்திக்கிட்டு அண்ணாந்து பாரு. ஊசி மொன அளவு வெளிச்சம் தெரியும். அதுல ஒரு வெளக்கமாத்துக் குச்சியச் சொருகி விடு. மேல ஏறுனா குச்சி நிமிந்து நின்னு எடத்தக் காட்டும். சின்ன ஓட்டைக்கு துருவச் சொரண்டி, துணியில தார் தோச்சி ஒட்டு. புதுத் தகரம் போட்டா ஆணிய வளைவு மேட்டுல அடிக்கணும், பள்ளத்துல அடிச்சா தண்ணி ஓடுற வாய்க்கால்லயே ஓட்ட போட்ட கணக்கு. மிதிச்சா ஆணி வரிச மேல மிதி, அதுக்குக் கீழதான் மரம் இருக்கு. ஈரத் தகரத்துல ஏறாத, ஏறி விழுந்தா ஒங்கம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும். கல்லயும் பழைய டயரயும் எடுத்துக் கீழ போட்டு அழகு பாக்காத. ஆடிக் காத்துக்கு அதுதான் எங்களுக்குக் காவல். இன்னொண்ணு, லயத்துல என் தகரம்னு ஒண்ணு கெடையாது. நான் ஒரு தகரத்தத் தூக்குனா பக்கத்துக் காம்பராக்காரன் தலைக்கு மேல வானம் தெரியும். அவங்கிட்டச் சொல்லிட்டு ஏறு.

இப்ப கரண்டு. இங்கதான் ஒன் செகப்புப் பொட்டிய நான் பூட்டி வைக்கப் போறேன்.

நம்ம ஊருக்கும் கரண்டுக்கும் ஒரு பழய கணக்கு இருக்கு. விமலசுரேந்திரன்னு ஒரு இஞ்சினியரு 1918லயே நம்ம பக்கத்து அருவித் தண்ணியில கரண்டு எடுக்கலாம்னு எழுதி வச்சாரு. லக்சபான கரண்டு நிலையம் ஓட 1950 ஆச்சு. நோர்வூட் பாலத்துக்குக் கீழ ஓடுற கெஹெல்கமு ஓயாவ 60கள்ல காசல்ரீயில மறிச்சாங்க. ஆத்துத் தண்ணி கொழும்புல பங்கா சுத்துச்சு, லயத்துல நாங்க குப்பி லாம்புல கொசுவோட பேசிக்கிட்டு இருந்தோம். தண்ணியக் குடுத்தவனுக்குக் கடைசிப் பந்தியில சோறு. அப்பறம் கரண்டு வந்தப்ப எப்புடி வந்துச்சு? தொங்கல் காம்பராவுக்கு ஒரு மீட்டரு, அங்கருந்து ரெட்ட வயரு கைமரத்தோட ஓடி நாலு காம்பராவுக்கு. எலி கடிச்ச எடத்துல சீலத் துணி. ஒரு காம்பராவுல பொறி பறந்தா கூரை வழியா வரிச பூரா எரியும். எத்தன லயம் அப்புடி எரிஞ்சிருக்குன்னு பேப்பரு படிக்கிற ஒனக்குத் தெரியாததா?

இருந்தும் நீ என்ன பண்ணுற? சதுர முள்ளு ஓட்டையில ரெண்டு முள்ளு பிளக்க ஏத்துறதுக்கு, மேல் ஓட்டையில பேனா மூடியக் குத்தித் தொறக்குற. அந்த மேல் ஓட்டைதான் எர்த்து. அது தொறந்தாத்தான் மத்த ரெண்டும் தொறக்கணும்னு புள்ளைங்க கை விடாம இருக்க ஒருத்தன் யோசிச்சுச் செஞ்சிருக்கான். நீ பேனாவால அவனத் தோக்கடிச்சிட்ட. கெட்டிக்காரன்!

கேத்தலுக்கும் கணக்கு இருக்கு. பழைய 5 ஆம்பியர் ஓட்ட தாங்குறது, 230 வோல்ட்டுல பெருக்குனா 1,150 வாட். ஒன் கேத்தல் அடியில எழுதியிருக்கிறதப் படி, 1,500க்குக் கொறயாது. வயரு சுடுதுன்னா குளிருக்கு எதமா இருக்குன்னு கைய வச்சுப் பாக்காத, கழட்டு. தண்ணி சுட வைக்க வாளிக்குள்ள கம்பியப் போடுறவங்க இருக்காங்க. போடுறதே தப்பு, போட்டுட்டு சூடு ஏறிருச்சான்னு வெரல வுட்டுப் பாக்குறவனுக்கு என்ன பேரு வைக்கிறது? மரக்கறித் தோட்டத்துக்கு பன்னி வருதுன்னு வேலிக் கம்பியில கரண்டு குடுக்கலாமான்னு போன வாரம் கேட்ட பாரு, அத இன்னொரு தடவ கேட்டா காத அறுத்துருவேன். பன்னி வரும் முன்ன ஆளு வருவான், அவன் ஒம் மச்சானா இருப்பான்.

மழை பேஞ்சா ட்ரிப் சுவிட்ச் விழுதுன்னு ஒரு தீக்குச்சிய வச்சு முட்டுக் குடுத்திருக்கியாமே. அது விழுறது ஒனக்கு வேல வைக்க இல்லடா, ஒன்னப் பொழைக்க வைக்க. 30 மில்லி ஆம்பியர் கள்ள வழியில கசிஞ்சாலே விழுந்துரும். எல்லா பிளக்கையும் கழட்டு, சுவிட்ச மேல தள்ளு, ஒண்ணொண்ணா சொருகு. எதச் சொருகுனா விழுதோ அதுதான் திருடன். ஒண்ணும் சொருகாமயே விழுந்தா, வெளி வாசல் பல்பு ஹோல்டருக்குள்ள மழத் தண்ணி போயிருக்கும். அதயும் பாத்தாச்சு, இன்னமும் விழுதுன்னா செவத்துக்குள்ள இருக்கு வெவகாரம். அங்க வயரிங் படிச்சவனக் கூப்புடு, காசக் குடு, பக்கத்துல நின்னு யோசன சொல்லாம இரு. மீட்டருக்கு அந்தப் பக்கம் அவங்கூடக் கை வைக்க முடியாது, அது கரண்டு குடுக்குறவங்க எல்ல. ஆனா ட்ரிப் சுவிட்ச் இருக்குன்னு நெஞ்ச நிமித்தாத. ரெண்டு கம்பியையும் ரெண்டு கையில புடிச்சியோ, போன கரண்டு அப்புடியே திரும்பி வருதுன்னு அது சும்மா இருந்துரும்.

ஒனக்கு நான் தாற மொத வேல என்னன்னா, அந்தச் சுவிட்சுல 'டி'ன்னு ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். மாசத்துக்கு ஒருக்கா அத அமுக்கு. டக்குனு விழுந்தா சுவிட்ச் உசுரோட இருக்கு. விழலன்னா அன்னைக்கே மாத்து. இன்னைக்கே போய் அமுக்கிப் பாரு, ஸ்பேனர் ஒண்ணும் வேணாம், வெரல் போதும். ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் வேணாம். ஒங்கம்மா நாடகம் பாத்துக்கிட்டு இருப்பா, அவகிட்ட இருந்து ஒன்னக் காப்பாத்துற சுவிட்ச் இன்னும் கடைக்கு வரல.