மெலோடிராமா வசைச்சொல்லா?

கேள்வி: 'மெலோடிராமா' என்றால் மிகைநடிப்பு என்றுதானே பொருள்?

பதில்: இன்றைய பேச்சுவழக்கில் அப்படித்தான். ஆனால் பிறந்தபோது அது வசைச்சொல் அல்ல. கிரேக்கத்தில் 'மெலோஸ்' என்றால் பாட்டு. இசையோடு கூடிய நாடகமே மெலோடிராமா. லண்டனில் 1843 வரை, முழு வசன நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவன்ட் கார்டன் போன்ற ஓரிரு அரங்குகளுக்கே இருந்தது. மற்ற அரங்குகள் வசனத்தோடு இசையைச் சேர்த்துத்தான் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவின. பிழைக்கும் வழி ஒரு கலைவடிவமாகவே வளர்ந்தது. அழுகையும் ஆவேசமும் அதில் அதிகம்தானே என்பீர்கள். அதிகம்தான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்காரரும் காசு கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தார். முணுமுணுத்தால் அவருக்கு என்ன கேட்கும்? எனவே மோசமான நடிப்பை மோசமான நடிப்பு என்றே திட்டுங்கள், மெலோடிராமாவை விட்டுவிடுங்கள்.