சுரண்டி வழித்த மண்

தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்பாவுக்குப் புல்லுக் கொந்தரப்பு, அதாவது களை எடுக்கும் ஒப்பந்த வேலை. பொறுப்பெடுத்த மலையில் ஒரு களைகூடத் தலைகாட்டக் கூடாது. பெரிய தொரை பார்க்க வரும்போது தேயிலைத் தூர்களுக்கு நடுவே வெறும் மண்தான் தெரிய வேண்டும். சுரண்டியால் களையை வழிக்க வழிக்க, கறுத்த மேல்மண்ணும் சேர்ந்து பெயர்ந்து வரும். மழை அதை வடிகானுக்குள் இறக்கும். கான் தூர்ந்தால் அள்ளுவதற்கு வேறு ஆட்களுக்குப் பேர் போடுவார்கள்.

இது தெரியாமல் நடந்ததல்ல. மண் அரிப்பை ஆராய்ந்த குழு 1931இலேயே அறிக்கை கொடுத்திருந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் வந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊர்ப் பக்கம் சென் கூம்ஸ் தோட்டத்திலேயே இருந்தது. எழுபதுகளிலும் அப்பா சுரண்டியோடுதான் மலையேறினார். மலை எவ்வளவு மொட்டையாக இருந்ததோ, அவ்வளவு நல்ல பெயர்.

போன மண் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்தது. அந்த ஆற்றில் 1976இல் திறந்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் 1988க்குள் வண்டலாகிவிட்டது. அதில் காய்கறித் தோட்டங்களின் மண்ணும் உண்டு, எங்கள் மலைகளின் மண்ணும் உண்டு.

இன்று அதே மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் குவாத்தமாலாப் புல்லை நட்டிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அப்பா புல்லை ஒழிக்கக் கூலி வாங்கினார். அக்கா மகன் புல்லை நடக் கூலி வாங்குகிறான். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுவரை புல்லை வெட்டி வெட்டி அங்கேயே பரப்பினால்தான் மண்ணில் மக்கு சேர்ந்து புதுக் கன்று பிடிக்கும். அதுவரை அந்த மலையில் கொழுந்து இல்லை, வருமானம் இல்லை. ஆகவே காலத்தைக் குறைக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைக்கவே கூடாது.

மண்ணை எப்படி எடுத்து வைப்பது என்பதை நான் நெய்வேலியில்தான் விளங்கிக்கொண்டேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். கரி எடுத்து முடிந்த குழியை அந்த மண்ணாலேயே நிரப்பி மரம் வைக்கிறார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தை மீட்பதில் முதல் விதி, மேல்மண்ணை அடிமண்ணோடு கலக்காமல் தனியே எடுப்பது. அந்தக் குவியல் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டால் உள்ளே காற்றுப் புகாது. விதையும் புழுவும் செத்துப்போகும்.

இந்த விதி எங்களுக்கு இப்போது அவசரமாகத் தேவை. லயக் குடியிருப்பை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்குச் சிறு காணியில் தனி வீடு கட்டுகிறார்கள். இருநூறு ஆண்டு அடுத்தவன் மண்ணைக் கொத்தியவர்களுக்கு முதல் முதலாகக் கிடைக்கிற மண் அது. பெக்கோ இயந்திரம் வந்து சரிவை வெட்டுகிறது, மேலே இருந்த கறுப்பு மண்ணை முதல் தள்ளலிலேயே பள்ளத்துக்குள் உருட்டுகிறது. வீட்டைச் சுற்றி மிஞ்சுவது சிவந்த அடிமண். அதில் போஞ்சிகூட ஏறாது. பள்ளத்தில் கொட்டிய மண்ணோ அடுத்த மழைக்குக் கீழ்வீட்டுக்காரனின் தலைமேல் நிற்கிறது.

வேலை தொடங்கும்முன் மேல்மண்ணை வழித்துக் காணியின் ஓரத்தில் தாழ்வாக வைத்து மூடுங்கள். சுவர் எழும்பியதும் திரும்பப் பரப்புங்கள். பெக்கோக்காரனுக்கு இதற்குக் கூடுதலாகப் போகும் நேரக் கூலியை வீட்டுத் திட்டமே ஏற்கட்டும். கட்டுமான ஒப்பந்தத்திலேயே அதை எழுதுங்கள்.