எறும்பு ஊரும் வீடு

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் எறும்புப் புகார். எனவே அரசியலுக்கும் சினிமாவுக்கும் இந்த வாரம் விடுமுறை.

கே: மழை பெய்தால் மட்டும் எறும்புகள் வீட்டுக்குள் படையெடுப்பது ஏன்?
*(வாசகி, மயிலாடுதுறை)*

ப: உங்கள் தெருவில் வெள்ளம் ஏறினால் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டீர்களா? அதேதான். புற்றுக்குள் தண்ணீர் வந்ததும் முட்டை, புழு, ராணி என்று குடும்பத்தோடு கிளம்பிக் காய்ந்த இடம் தேடுகிறார்கள். உங்கள் சுவர் விரிசல் அவர்களுக்கு நிவாரண முகாம். முகாம் என்றால் சாப்பாடும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? கோடையிலும் வருவார்கள். அப்போது தண்ணீருக்கு.

கே: மூன்று டின் ஸ்பிரே காலி. மறுநாள் அதே இடத்தில் அதே வரிசை. நான் தோற்றுவிட்டேனா?
*(வாசகர், திருப்பூர்)*

ப: நீங்கள் கொன்றது கடைக்கு வந்த வேலைக்காரர்களை. முதலாளியம்மா உள்ளே சௌகரியமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே நாம் பார்க்கிற வரிசை, மொத்தக் குடும்பத்தில் ஒரு சின்னப் பங்குதான். செத்தவர்களுக்குப் பதிலாக நாளைக்கே ஆள் வரும். ராணிக்கு ஆயுசும் கெட்டி. ஐரோப்பியத் தோட்டத்து எறும்பு வகையில் ஒரு ராணி ஆய்வுக்கூடத்தில் 28 வருஷம் உயிரோடு இருந்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கடன் அதற்குள் அடைந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபாரோ எறும்பு என்று மஞ்சளாக, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பொடி வகை இருக்கிறது. அதன்மேல் ஸ்பிரே அடித்தால் கூட்டம் கலவரப்பட்டு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து தனிக்குடித்தனம் போகும். காசு கொடுத்து எறும்பு வளர்த்த கதை.

ராணியை எட்ட ஒரே வழி, அவர்கள் கையாலேயே கொடுத்தனுப்புவது. எறும்புகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொள்கிற பழக்கம் உண்டு. ஒருத்தர் குடித்தது ஊருக்கே போய்ச் சேரும். ஒரு டம்ளர் வெந்நீரில் (200 மில்லி) ஐந்து டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் போரிக் பவுடர். கேரம் போர்டில் தூவுவார்களே, அந்தப் பவுடர்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். ‘கொஞ்சம் தூக்கலாகவே போடுவோமே’ என்று கை நீளக்கூடாது. மருந்து கூடினால் குடித்தவர் வழியிலேயே விழுந்துவிடுவார், ராணிக்குப் பார்சல் போகாது. முதல் இரண்டு நாள் கூட்டம் அலைமோதும். பதறி ஸ்பிரேயை எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் பொறுமை வேண்டும். பஞ்சு காய்ந்தால் மாற்றுங்கள்.

கலக்கிய டம்ளர் மறுபடி காப்பிக்கு வரக்கூடாது. குழந்தையோ நாயோ பூனையோ இருக்கிற வீட்டில் கை எட்டாத இடத்தில் மட்டுமே வைக்கலாம். அப்படி ஒரு இடமே இல்லையா? இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

கே: ரவையைத் தூவினால் எறும்பு தின்று, வயிறு ஊதி வெடித்துச் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
*(வாசகி, வேலூர்)*

ப: வளர்ந்த எறும்பால் ரவையை விழுங்கவே முடியாது. அதன் தொண்டைக்குத் திரவம் மட்டும்தான் இறங்கும். கெட்டியானதைத் தூக்கிப்போய்ப் புழுக்களிடம் கொடுக்கும்; குழந்தைகள்தான் அதைச் செரிக்கும். ஆக, நீங்கள் தூவுகிற ரவை அங்கே அங்கன்வாடிச் சத்துணவு.

கே: மஞ்சள், பட்டைத்தூள், கிராம்பு, வினிகர்... எதுதான் வேலை செய்யும்?
*(வாசகர், நாகர்கோவில்)*

ப: எல்லாமே கொஞ்ச நேரம் வேலை செய்யும். முன்னால் போகிற எறும்பு தரையில் வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகிறது. பின்னால் வருகிறவர்கள் அதை மோப்பம் பிடித்து வருகிறார்கள். நெடியுள்ள எதைப் போட்டாலும் அந்த வாசனை குழம்பும். ஆனால் சோப்புத் தண்ணீரில் அழுத்தித் துடைத்தால் கோடே அழிந்துவிடும், அதுவும் நாலணாச் செலவில். பட்டையைப் பிரியாணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள்: வரிசையின் வாலைப் பிடித்துப் போங்கள். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரச டப்பாவில் ஏறிவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு முழங்காலில் தவழ்ந்தேன். டப்பாவிலிருந்து இறங்கி, கிரானைட் மேடையின் விளிம்பைப் பிடித்து, மிக்ஸிக்குப் பின்னால் போய், டைல்ஸ் இடுக்கில் நூல் பிடித்த மாதிரி நேராக நடந்து, வாட்டர் ஃபில்டர் குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையில் மறைந்தார்கள். எதிரே வருகிற ஒவ்வொருவரோடும் நின்று மீசை தொட்டுப் பேசிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். நம் அபார்ட்மெண்ட் லிஃப்டில் அந்த மரியாதை கிடையாது. மறுநாள் காலை ஓட்டையை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தேன். மூன்றாம் நாள் ஜன்னல் சட்டத்து இடுக்கில் வந்தார்கள். அதையும் அடைத்த பிறகுதான் பொங்கல்வரை நிம்மதி.

கே: பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிற பாட்டி வைத்தியம்?
*(வாசகி, கும்பகோணம்)*

ப: இன்றைக்கும் அதை மிஞ்சியது இல்லை. தண்ணீர்மேல் தூசு படிந்தால் அதையே பாலமாக்கி ஏறிவிடுவார்கள் என்பதால் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீரை மாற்றிவிடுங்கள். எறும்பைத் தடுக்கப்போய் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டின பழி வேண்டாம்.

கே: சர்க்கரைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டால்?
*(வாசகர், ஈரோடு)*

ப: தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வையுங்கள். அவர்களாகவே இறங்கிப் போய்விடுவார்கள். சர்க்கரையை உள்ளே எடுக்க மறந்துவிட்டு அடுத்த வாரம் எனக்கு எழுதாதீர்கள்.

கே: எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியுமாமே?
*(மாணவி, சிவகாசி)*

ப: எறும்பு விழுந்த பாயசத்தைக் கொட்ட மனசு வராத ஓர் அம்மா கண்டுபிடித்த மருத்துவம் அது. நானே எத்தனையோ விழுங்கியிருக்கிறேன். கண்ணாடி பவர் ஏறிக்கொண்டுதான் போகிறது. ஆனால் எறும்பே உணவாக இருக்கிற ஊர் உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறு எறும்பை அரைத்துச் செய்கிற சட்னிக்கு 2024-ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

கே: பாத்ரூமில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
*(வாசகர், மதுரை)*

ப: சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பழைய ஆயுர்வேத வைத்தியர்களே கவனித்திருக்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் இறங்கும். எறும்பு வந்து சொல்கிறவரை காத்திருந்தால் தாமதம். தவிர, ஈரத்துக்காகவும் சோப்புக்காகவும்கூட அவர்கள் பாத்ரூமுக்கு வருவார்கள். வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எறும்புக்கு லேப் டெக்னீஷியன் வேலை தராதீர்கள்.

கே: கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு, கொல்லாதே என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?
*(வாசகி, திருநெல்வேலி)*

ப: கேளுங்கள். அது கடிக்காத ஜாதி. ஓட்டையை அடைத்து, துடைத்துவிட்டால் ஓர் உயிரும் போகாது, மாமியார் மனசும் கோணாது. முடிந்தால் வாசலில் அரிசிமாவில் கோலம் போடுங்கள். அந்தக் காலத்தில் வாசலிலேயே சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது நாம் இழுப்பது கல்மாவு. பசியோடு உள்ளே வராமல் என்ன செய்வார்கள்? (இது என் சந்தேகம்தான், விஞ்ஞானம் இல்லை.)

கே: எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து கமாக்சின் பவுடர்தான். இப்போது கிடைப்பதில்லையே?
*(வாசகர், தஞ்சாவூர்)*

ப: கிடைக்கவே கூடாது. அந்த பி.எச்.சி. மருந்தை 1997-லேயே இந்தியா தடை செய்துவிட்டது. மண்ணிலும் நம் உடம்புக் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடுகிற சரக்கு அது. பரணில் பழைய டப்பா இருந்தால் பிரிக்காமல் தனியாக வைத்து, நகராட்சியில் கேட்டு ஒப்படையுங்கள். இன்றைய எறும்பு சாக்பீஸும் விஷம்தான், என்ன, கொஞ்சம் சாதுவான விஷம். காய் நறுக்கும் மேடையில் அதனால் கோடு இழுக்காதீர்கள். சிலேட்டு பல்பம் என்று பேரன் எடுத்து எழுதிவிடுவான், பத்திரம்.

கே: என் செம்பருத்திச் செடியில் எறும்பை விரட்டவே முடியவில்லை.
*(வாசகி, கோவை)*

ப: இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். அது சுரக்கிற இனிப்புக்காக எறும்புகள் அதைப் பசு மாதிரி மேய்க்கின்றன, எதிரி வந்தால் காவலும் காக்கின்றன. வேப்பெண்ணெயும் சோப்பும் தண்ணீரில் கலந்து பூச்சிமேல் அடியுங்கள். மாடு போனால் மேய்ப்பர் தானாகப் போவார்.

கே: எறும்புக்குப் பயந்து யாராவது ஊரைக் காலி செய்ததுண்டா?
*(வாசகர், திண்டுக்கல்)*

ப: திண்டுக்கல்லில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! 2022-ல் உங்கள் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் கிறுக்கு எறும்பு பெருகி, ஆடு மாடு மேய்க்கப் போனவர்கள் திணறினார்களே. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்ணைப் பதம் பார்த்தது அதுதான். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கே: உலகத்தில் மொத்தம் எத்தனை எறும்பு?
*(மாணவர், சேலம்)*

ப: 2022-ல் போட்ட கணக்குப்படி சுமார் 20,000 லட்சம் கோடி. தலைக்கு 25 லட்சம். உங்கள் பங்கில் ஐம்பதுதான் சமையலறைக்கு வந்திருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

கே: மழை விட்டதும் ஜன்னலோரம் சிறகு முளைத்த எறும்புகள் குவிந்து கிடந்தன. மருந்து வைக்கவா?
*(வாசகி, காரைக்குடி)*

ப: முதலில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, மீசை முழங்கை மாதிரி மடங்கி, முன்சிறகு பெரிதாகவும் பின்சிறகு சிறிதாகவும் இருந்தால் எறும்பு. இடுப்பே இல்லாமல், மீசை நேராக, நான்கு சிறகும் ஒரே நீளமாக இருந்தால் அது ஈசல், அதாவது கரையான். காரைக்குடி என்கிறீர்கள், வீட்டில் தேக்கு நிலையும் உத்தரமும் இருக்கும். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவற்றைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் கேட்டால் இன்றைக்கே கரையான் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். எறும்பு அடுத்த வாரம்வரை காத்திருக்கும்.