ஜெராக்ஸ் அண்ணன்

திருப்பூரில் நாலு பனியன் கம்பெனி சேர்ந்தாற்போல் இருக்கிற தெருவில் ஜெராக்ஸ் அண்ணன் ஒருவர் இருந்தே தீருவார். செக்கிங்கோ கட்டிங்கோ, அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவர் பிறவி எடுத்ததே ஊரை இயற்பியல் வரலாறு படிக்க வைப்பதற்காக.

சமன்பாடுகள் பக்கம் போகமாட்டார். அந்த மட்டும் நல்லவர். யார் யாருக்குக் கடிதம் போட்டார், யார் யாரைச் சபையில் கிண்டலடித்தார், இதுதான் அவருக்குப் பிடித்த இயற்பியல். முதல் பாடம் ஜெராக்ஸ் கடைப் பையனுக்கு.

"ஃபாரடே யாரு தெரியுமா கண்ணு? லண்டன்ல பைண்டிங் கடையில தொழில் பழகப் போன பையன். பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தையே படிச்சுப் படிச்சு விஞ்ஞானி ஆனவரு. நீயும் எடுக்கறப்பவே ஒரு பக்கம் படிச்சுப் பாக்கோணும்."

பையன் தலை நிமிராமல், "ஒரு பக்கமுங்களா, ரெண்டு பக்கமுங்களாண்ணா?" என்பான்.

எடுத்த ஜெராக்ஸ் தாள்கள் டீ டைமில் விநியோகம். வாங்காமல் தப்பிக்கலாம், வாங்கிவிட்டால் தப்பிக்க முடியாது. மறுநாள், "படிச்சீங்ளா?" என்று வந்து நிற்பார். அயர்ன் மாஸ்டர் ஐன்ஸ்டீனை எட்டாக மடித்து, ஆடுகிற டேபிள் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அண்ணன் கோபப்படவில்லை. குனிந்து உருவிப் பிரித்து, "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்றார்.

வாட்ஸ்அப் தனிக்கதை. பிப்ரவரி 28 விடிந்தால், புரொடக்‌ஷன் குரூப்பில் 1928-ல் இதே நாளில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி, கூடவே ஒரு தடித்த பிடிஎஃப். கீழே மேனேஜர், "பீஸ் எத்தனை?" என்று கேட்டிருப்பார். அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

மெர்ச்சண்டைசர் தம்பி, பையர் அப்ரூவல் தராமல் மூன்று வாரமாக இழுக்கிறான் என்று புலம்பினால் போச்சு. "சந்திரசேகர் 1930-ல, பத்தொம்பது வயசுல, இங்கிலாந்து போற கப்பல்லயே கணக்குப் போட்டுட்டாரு. சூரியனை மாதிரி சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல போனா வெண்குறு விண்மீன் தாங்காதுன்னு. 1935-ல எடிங்டன்ங்கற பெரிய விஞ்ஞானி அதை சபையிலேயே நக்கலடிச்சுட்டாரு. நோபல் எப்ப? 1983! சாம்பிளுக்கும் அப்ரூவலுக்கும் அம்பத்தி மூணு வருசம் தம்பி. உனக்கு மூணு வாரம் பொறுக்க முடியலையாக்கும்?"

தம்பிக்கு இதில் ஆறுதல் எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரே ஒருவர்தான் நிஜமாகப் படித்தார். பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா. ராமனோடு வேலை செய்த கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தது வத்திராயிருப்பு என்று தாளில் இருந்தது. அக்காவுக்கும் அதே ஊர்.

"ஆராய்ச்சி பண்ணது ரெண்டு பேரு. பத்திரிகைக்கு எழுதி அனுப்புனதும் ரெண்டு பேரு. நோபல் பரிசு மட்டும் ஒருத்தருக்கா? சேந்து ஓட்டுன பீஸுக்கு ஒருத்தர் பேருல கூலி போட்டா நாங்க விடுவமா?"

அண்ணன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த வாசகி. ஆனால் பதில்தான் கைவசம் இல்லை. பேச்சை மாற்ற, நவம்பரில் அறிவிக்கப்போகிற பரிசுக்கு 1930 ஜூலையிலேயே ராமன் இரண்டு கப்பல் டிக்கெட் எடுத்து வைத்த கதையை ஆரம்பித்தார்.

"ரெண்டா? அப்ப இன்னொண்ணு கிருஷ்ணனுக்கா?"

"இல்லீங்க்கா... அவரு வீட்டம்மாவுக்கு."

அக்கா பெடலை மிதித்தார். மறுநாள் அண்ணன் கிருஷ்ணனைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம், இரண்டு பக்கமும் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்தார். அக்கா லீவு.