ரோமான்ஷ் மொழிக்கு அவசரமாக ஒரு மாமியார் தேவை

பெறுநர்: பணிப்பாளர் அவர்கள், ரோமான்ஷ் வானொலி தொலைக்காட்சி நிலையம் (ஆர்.டி.ஆர்.), கூர், சுவிட்சர்லாந்து.

கனம் பணிப்பாளர் அவர்களுக்கு,

ஆண்டுக்கு 335 பிராங் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தை நினைவூட்டல் கடிதம் வருமுன்னரே கட்டிவிடுகிற ஒரு குடும்பத் தலைவன் எழுதிக்கொள்வது. உங்கள் நிலையம் இருக்கிற ஊரில்தான் நானும் இருக்கிறேன். நடந்துவந்து கையிலேயே தந்திருக்கலாம். ஆனால் தபாலில் வந்த கடிதம்தான் கோப்பில் ஏறும் என்பது யாழ்ப்பாணக் கச்சேரியில் எங்கள் தகப்பன்மார் படித்த பாடம்.

நீங்கள் எடுத்த ‘லுல்டிம் ருமாந்ச்’ தொடரைப் பார்த்தேன். ரோமான்ஷ் பத்திரிகை நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. நல்ல கதை, நல்ல நடிப்பு. ஆனால் பெயரிலேயே ‘கடைசி’ என்று வைத்துவிட்டீர்கள். பகுதிகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மன்னிக்க வேண்டும் ஐயா, எங்கள் ஊர்க் கணக்கில் இது நாடகமே அல்ல. அத்தனை பகுதிகளுக்குள் எங்கள் கதாநாயகி படலையைத் திறந்து முற்றத்துக்கே வந்திருக்க மாட்டாள்.

ஆகவே உங்கள் நன்மை கருதி, எக்காலத்துக்கும் சிறந்த நாடகங்களின் தரவரிசை ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். இதற்கு அளவுகோல் ஒன்றுதான்: கூரில் பிறந்து, பள்ளியில் ஜெர்மனும் இத்தாலியனும் படித்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லிப் படுக்கிற பிள்ளையின் வாயில், எந்த நாடகம் எவ்வளவு தமிழை ஏற்றியது?

முதலிடம் ‘மெட்டி ஒலி’. 2002 முதல் 2005 வரை, 811 பகுதிகள், இயக்கியவர் திருமுருகன். ஒரு தகப்பன், ஐந்து பெண்பிள்ளைகள், அவர்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகள். சம்பந்தி யார், சகலன் யார், ஓர்ப்படி யார், யாரிடம் எந்தத் தொனியில் கதைக்க வேண்டும், யாரிடம் கதைக்கவே கூடாது என்பதை எங்கள் பிள்ளைகள் இதில்தான் படித்தார்கள். உறவுக்காரர் பாதிப்பேர் கனடாவிலும் மீதிப்பேர் லண்டனிலும் இருக்கும்போது வேறெங்கே போய்ப் படிப்பது? சாந்தி வில்லியம்ஸ் நடித்த அந்த மாமியாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கூர் மண்ணில் பிறந்த எச்.ஆர். கீகர், ‘ஏலியன்’ படத்துப் பூதத்தை வடிவமைத்து 1980இல் ஆஸ்கார் வாங்கினார். இந்த அம்மாவைப் பார்த்திருந்தால் பூதத்துக்கு அத்தனை பல் வைத்துச் சிரமப்பட்டிருக்க மாட்டார்.

இரண்டாமிடம் ‘கோலங்கள்’. 2003 முதல் 2009 வரை, 1,533 பகுதிகள். தேவயானி நடித்த அபி கட்டட நிறுவனம் நடத்துகிறாள். ஆதி என்கிறவன் அதை இடிக்கப் பார்க்கிறான். ஆறு ஆண்டுகள் இவ்வளவுதான். கூரில் ஒரு கட்டடத்துக்கு அனுமதி எடுக்கும் காலத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் பெரிதல்ல. பத்திரம், ஜாமீன், துரோகம், பங்குதாரர் ஆகிய சொற்கள் எங்கள் வீடுகளில் புழக்கத்துக்கு வந்த காலம் அது. இதை முதலிடத்தில் வைக்காததற்காக என் வீட்டில் ஒரு மேன்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

மூன்றாமிடத்தில் ராதிகாவின் ‘சித்தி’. 1999இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சூரிச்காரர்கள் ‘லூத்தி உண்ட் பிளாங்க்’ என்ற சாக்லேட் குடும்ப நாடகத்தைத் தொடங்கி 2007 வரை ஓட்டினார்கள். சொத்து, வாரிசு, கள்ள உறவு எல்லாம் அதிலும் இருந்தன. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போட்டார்கள். வாரத்தில் ஆறுநாள் சும்மா விட்டால் பகை ஆறிப்போகாதா? அதனால் அதற்கு என் பட்டியலில் ஆறாமிடம், அதுவும் ஆறுதல் பரிசாக.

நான்காவது, நாகா இயக்கிய ‘மர்மதேசம்: விடாது கருப்பு’. அதைப் பார்த்த பிள்ளைகள் கீழ்த்தளத்து உடுப்புத் தோய்க்கும் அறைக்குத் தனியே போக மறுத்தார்கள். எங்கள் முறை வரும் நாளோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மொழிக்கு அதனால் வந்த லாபம் குறைவு, குடும்பத்துக்கு நட்டம் அதிகம், கலைக்காக நான்காமிடம்.

ஐந்தாவது, 2022இல் வந்த ‘எதிர்நீச்சல்’. ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்கம். ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, அவருடைய பாத்திரத்தை நாள்தோறும் திட்டிக்கொண்டிருந்த பெண்கள்தான் அதிகம் அழுதார்கள். உங்கள் நிலையத்தில் யாருக்காவது இந்த மரியாதை கிடைத்திருக்கிறதா?

‘டாட்டோர்ட்’ என்ற ஜெர்மன் துப்பறியும் தொடர் பட்டியலில் இல்லை. 1970இலிருந்து ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஞாயிறு இரவு கொலை விழுந்து அதே இரவில் ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு திங்கட்கிழமை வேலையிடத்தில் எதைக் கதைப்பது?

இனி மொழி விஷயத்துக்கு வருகிறேன். 1938இல் நாடே வாக்களித்து ரோமான்ஷைத் தேசிய மொழியாக்கியது. 1982இல் பேராசிரியர் ஹைன்ரிக் ஷ்மிட் ஐந்து வட்டார வழக்குகளுக்கும் பொதுவாக ஓர் எழுத்துமொழியை வகுத்துக் கொடுத்தார். அதைப் பள்ளியில் புகுத்திய ஊர்கள் சில, சண்டைபிடித்துத் தங்கள் பழைய வழக்குக்கே திரும்பிப் போயின. ஐயா, எங்களிடமும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி என்று வழக்குகள் உண்டு. பேராசிரியர் எவரும் கூடவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. இந்த நாடகங்களைப் பார்த்தே, இன்றைக்கு மூன்று வழக்குப் பிள்ளைகளும் கோபம் வந்தால் ஒரேமாதிரி, சென்னைத் தமிழில் திட்டுகிறார்கள். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் திட்டுவது தமிழில்தானே என்று இருந்துவிடுகிறேன்.

நீங்களோ ‘டெலெஸ்குவார்ட்’ என்று சில நிமிடச் செய்தி போடுகிறீர்கள், ‘குன்ட்ராஸ்ட்ஸ்’ என்று ஆவணப்படம் போடுகிறீர்கள். தரமானவை. தரமானதைப் பார்த்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கதை கேட்பதில்லை.

எனவே ஒரு கதை தருகிறேன், உரிமைத் தொகை வேண்டாம். மாமியார் டிசென்டிஸ் ஊர், சுர்சில்வான் பேசுகிறவர். மருமகள் கீழ் எங்கடினில் ஷ்குவோல் ஊர், வல்லாதேர் பேசுகிறவள். ஒருத்தி சொல்வது மற்றவளுக்குப் பாதிதான் விளங்கும். மீதிப் பாதியை இருவரும் தங்களுக்கு ஏற்றமாதிரி விளங்கிக்கொள்வார்கள். முதல் இருநூறு பகுதிக்கு இதுவே தாங்கும். மகன் ரேட்டியன் ரயில்வேயில் வேலை. ரயில் நேரத்துக்கு வந்துவிடுவதால் வீட்டுக்குப் பிந்திப் போக அவனுக்குச் சாட்டே கிடையாது. இதைவிடப் பெரிய சோகம் வேண்டுமா? நல்லநாள் விருந்தில் மருமகள் சுற்றிவைத்த கப்பூன்ஸில் யாரோ உப்பை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். யார் என்பதை நாற்பதாவது பகுதிவரை சொல்லக்கூடாது.

சொத்துத் தகராறுக்கு நீங்கள் அலையவே வேண்டாம், சட்டமே எழுதித் தந்திருக்கிறது. 2012 வாக்கெடுப்புக்குப் பிறகு, விடுமுறை வீடுகள் ஐந்திலொன்றுக்கு மேல் உள்ள ஊரில் புதிதாக விடுமுறை வீடு கட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படியென்றால் மலைச்சரிவில் பாட்டன் விட்டுப்போன அந்தப் பழைய மரவீட்டின் விலையை யோசித்துப் பாருங்கள். அதைச் சூரிச்காரனுக்கு விற்கத் துடிக்கும் கொழுந்தன்; உயில் எழுதியிருக்கும் பெட்டியின் சாவியோடு பனிச்சறுக்கில் விழுந்து நினைவு தப்பிய மாமனார். மாமனாருக்கு நினைவு திரும்பும் நாளை இணைப்பில் குறித்திருக்கிறேன்: பகுதி 912.

நேரம் பற்றியும் ஒன்று. சென்னையில் இரவு 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. உணவகச் சமையலறையில் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு மத்தியான வேலை முடிந்து இராவேலை தொடங்கும் இடைவெளி, பெரும்பாலும் 2 மணியிலிருந்து 5 வரை. அதாவது குளிர்காலத்தில் அரைமணி நேரம் பார்க்கலாம். கோடையில் பாட்டுக்கூடக் கிடையாது. உங்கள் தொடரைப் பிற்பகல் 3 மணிக்குப் போடுங்கள். கிரவுபுண்டன் மாநிலத்துச் சமையலறைகள் முழுவதும் உங்கள் பக்கம்.

கடைசியாக, கீழே தமிழில் எழுத்து ஓட வேண்டும். ரோமான்ஷைத் தங்கள் முதன்மை மொழி என்று பதிகிறவர்கள் 40,000 சொச்சம். இந்த நாட்டில் தமிழர்கள் 50,000 அளவில் இருக்கிறோம். அந்த ஒரு வரியால் முதல்நாளே உங்கள் பார்வையாளர் தொகை இரட்டிப்பாகிவிடும். ஆறுமாதத்துக்குள் எங்கள் அம்மாமார் டிசென்டிஸ் மாமியாரைச் சுர்சில்வானிலேயே திட்டத் தொடங்குவார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் அவர்களை எந்த மொழிக்குக் கீழே போடுவது என்பதை நீங்களும் பேர்ன் நகரத்துப் புள்ளிவிவரக்காரரும் கதைத்து முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டணம் கட்டிய ரசீது எண்ணைத் தனியே இணைத்திருக்கும்,
கூர் நகரவாசி ஒருவர்.

இணைப்பு: பகுதி 1 முதல் 1,534 வரையான கதைச்சுருக்கம். ‘கோலங்கள்’ தொடரைவிட ஒன்று கூட.